எரியாத சொட்டு

"பிள்ளைங்க எத்தனை பேர் உங்களுக்கு?" என்று டாக்டர் கல்லிரோயி கேட்டாள்.

கேப்டன் பொலிதோரோஸ் யோசிக்கக்கூட இல்லை. "பிள்ளையே கிடையாது" என்றார்.

பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் இடுக்கிக்கொண்டு அவர் மனைவி அசிமினா உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கணினியில் எதையோ தட்டிக்கொண்டே, "சரி. இருந்திருந்தா அவங்களையும் சோதிக்கச் சொல்லியிருப்பேன். கிளாகோமா குடும்பத்துல ஓடற நோய். அப்பா அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம்" என்றாள். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

கேப்டனின் வலது கண்ணில் அழுத்தம் முப்பத்தாறு. இடது கண்ணிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். இருபத்தொன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றாள் டாக்டர். கண்ணுக்குள்ளே ஓயாமல் ஒரு நீர் ஊறுகிறது. அது வடிந்துபோகும் சல்லடை நாளாவட்டத்தில் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பின்னாலிருக்கும் நரம்பு அந்த அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. கிரீஸின் வோலோஸ் துறைமுகத்திலிருந்து ஸ்கியாதோஸ் தீவுக்கு வாழ்நாள் முழுக்கப் பயணிகள் கப்பல் ஓட்டியவருக்கு இது புரிய நேரமாகவில்லை.

"அடித்தட்டுல தண்ணி சேருது, வெளியேத்தற குழாய் அடைச்சிருக்கு. அதானே?"

"அதேதான், கேப்டன்."

"போன பார்வை திரும்புமா?"

"திரும்பாது. செத்த நரம்பை மறுபடி வளர்க்க எலிகிட்ட முயற்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. மனுஷனுக்கு வர நாளாகும். மிச்சம் இருக்கறதை நாம காப்பாத்தலாம். லேசர்ல ஆரம்பிக்கலாமா? அந்தச் சல்லடையைத் தட்டி எழுப்பற மாதிரி. வலிக்காது."

"கண்ணுல சுடறதா? ஆளை விடு பொண்ணே. சொட்டு மருந்து ஏதாவது குடு."

எப்படி விடுவது என்று டாக்டரே ஒரு சொட்டு விட்டுக் காட்டினாள். கேப்டன் முகத்தைச் சுளித்து, "எரியுது" என்றார். முதலில் கொஞ்சம் எரியும், பழகிவிடும் என்றாள் அவள். தினமும் சாயங்காலம் ஒரு சொட்டு, ஒருநாள்கூட விடக்கூடாது. கேப்டனின் வலது கைவிரல்கள் இரண்டு முன்னொரு காலம் கப்பல் கயிற்றில் நசுங்கியவை. அந்தக் கையால் ஒரு சிறு குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்து அமுக்க முடியாது. "இவ விட்டுடுவா" என்று மனைவியைக் காட்டினார்.

அசிமினா தலையாட்டினாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கேப்டனுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல.

அவர்களுக்கு ஒரே மகள், ரொதாந்தி. அவர்கள் வீட்டு மாடி முகப்புக்குச் சுண்ணாம்பு பூச வந்த அக்ரோன் என்ற அல்பேனியாக்காரப் பையனை அவள் விரும்பினாள், கல்யாணம் செய்துகொண்டாள். கேப்டன் அவளுடைய பெட்டியைப் படிக்கட்டில் உருட்டிவிட்டார். துறைமுகத்துச் சாராயக் கடையில், மத்தியானம் சிப்பூரோ என்ற திராட்சைச் சாராயமும் வறுத்த மீனுமாகக் கப்பல்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "எனக்குப் பொண்ணு இருந்தா, செத்துட்டா" என்று சத்தமாகச் சொன்னார். அந்த மேசையில் இருந்த யாரும் அதற்கப்புறம் ரொதாந்தியின் பெயரை எடுக்கவில்லை. அவளும் அக்ரோனும் ஜெர்மனிக்குப் போய் ஸ்டுட்கார்ட்டில் பிழைத்துக்கொண்டார்கள்.

அது மட்டும் என்றால் அசிமினா ஒருவேளை செரித்திருப்பாள். அந்த ஊரில் பல அப்பாக்கள் அப்படிச் செய்தார்கள், பலர் பிறகு இறங்கி வந்தார்கள். ஆனால் ரொதாந்தி கர்ப்பமாக இருந்தபோது, மாதம் நிறைவதற்கு முன்பே வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அக்ரோன் போன் செய்தான். "அத்தை, உடனே வாங்க, உங்களைத்தான் கேட்கிறா" என்றான். அசிமினா பெட்டி கட்டினாள். கேப்டன் அலமாரியிலிருந்து அவளுடைய அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டார். அது இல்லாமல் அவள் விமானம் ஏற முடியாது. அவர் தீவுகளையெல்லாம் சுற்றித் திரும்பி வந்து, வாங்கிவந்த மீனுக்குப் பக்கத்தில் அட்டையை வைத்தபோது, ரொதாந்தியின் பெண் குழந்தை பிறந்து இறந்துவிட்டிருந்தது. ரொதாந்திக்கு அதற்கப்புறம் குழந்தை உண்டாகவில்லை.

"அவங்க பாடு, அவங்க பார்த்துக்கட்டும்" என்றார் கேப்டன். மீனைச் சுத்தம் செய்யச் சொன்னார்.

அசிமினா சுத்தம் செய்தாள். பொரித்துப் போட்டாள். அன்றே ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்று பக்கத்து வீட்டு தெக்லா பல தடவை கேட்டிருக்கிறாள். சண்டை போட அசிமினாவுக்கு வராது. மறக்கவும் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெக்லா வீட்டிலிருந்து மகளோடு பேசுவாள். மற்ற நாட்களில் கேப்டனுக்குச் சமைத்துப்போட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, எல்லாரையும் போலவே அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டுக்கொண்டு வருஷங்களைத் தள்ளினாள்.

டாக்டரிடம் போய்வந்த அன்று மருந்துக்கடையில் அவள் இரண்டு குப்பிகள் வாங்கினாள். ஒன்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. இன்னொன்று, கண் உலராமல் இருக்க விடுகிற வெறும் உப்புநீர்; அதற்குச் சீட்டு தேவையில்லை. இரண்டும் வெள்ளைக் குப்பிகள்தான். மேலே இருக்கிற பொடி எழுத்து கேப்டனுக்குத் தெரியாது.

சாயங்காலம் அவர் சாய்வு நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்தார். கீழ் இமையை விரலால் இழுத்துக்கொண்டு அசிமினா இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு உப்புநீர் விட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"எரியலையே" என்றார்.

"மெதுவா விட்டேன்."

"அந்த டாக்டர் பொண்ணுக்குக் கைப்பக்குவம் போதாது."

அசிமினா சமையலறைக்குப் போய், உண்மையான மருந்தில் இரண்டு சொட்டை எண்ணிக் கழுவு தொட்டியில் விட்டாள். குப்பி காலியாகிக்கொண்டு போனால்தான் சந்தேகம் வராது. பிள்ளையே கிடையாது என்றானே, கிடையாது என்றானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே குழாயைத் திறந்தாள். வெகுகாலமாக இல்லாத ஒரு நிம்மதியோடு அன்று சாப்பிட்டாள்.

அடுத்த சோதனையில் அழுத்தம் இறங்கவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினாள். அதற்கும் இறங்கவில்லை. காலையும் மாலையும் விட இன்னொரு மருந்து சேர்த்தாள். அசிமினா இரண்டுக்கும் ஒரே உப்புநீரை விட்டாள். சிலருக்கு உடம்பு மருந்துக்கு ஒத்துழைக்காது என்று டாக்டர் வருத்தப்பட்டாள். அசிமினாவும் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டாள்.

நோய் ஓரத்திலிருந்து வந்தது. முதலில் கேப்டன் மேசை நுனியிலிருந்த கோப்பையைத் தட்டிவிட்டார். பிறகு தெக்லாவின் நாய்மேல் இடறினார். கடைக்குப் போகும் தெருவில் கைவண்டியில் மோதிக்கொண்டு வண்டிக்காரனைத் திட்டினார். நேரே பார்த்தால் முகம் தெரியும். பக்கத்தில் யார் வந்தாலும் தெரியாது. அசிமினா இதையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தாள். ஒவ்வொரு தடுமாற்றமும் அவளுக்குள்ளே போய் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மாடியில் நின்று துறைமுகத்தைப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். கப்பலின் பெயர்கள் கலங்கத் தொடங்கியபோது அவளிடம் கேட்டார். "அந்த வெள்ளைக் கப்பல் எது?" அவள் வேறொரு பெயரைச் சொன்னாள். அவர் அதை நம்பிச் சாராயக் கடையில் போய்ப் பேசினார். அது பட்டறைக்குப் போய் ஆறு மாசமாச்சே கேப்டன் என்று சிரித்தார்கள். அவர் வீடு திரும்பி மாடியில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் மறுபடி கேட்டார், அவள் மறுபடி தப்பாகச் சொன்னாள்.

ஒன்றுதான் அவளை உறுத்தியது. தண்டிக்கப்படுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாதது மட்டுமில்லை, அவர் அவளைப் புகழ ஆரம்பித்திருந்தார். பழைய இயந்திரக்காரர் ஸ்தெர்ஜியோஸுக்கும் கண்ணில் அதே வியாதி, அவருடைய மருமகள் சொட்டு விட்டால் மிளகாய் போட்ட மாதிரி இருக்கிறதாம். "என் வீட்டுக்காரி கையால விட்டா தண்ணி மாதிரி இருக்கும். எரியவே எரியாது" என்று கேப்டன் மேசைக்கு மேசை சொன்னார். ஸ்தெர்ஜியோஸ் ஒருநாள் தெருவில் நிறுத்தி, "எங்க மருமகளுக்கும் அந்தக் கைப்பக்குவத்தைக் கத்துக் குடும்மா" என்று கேட்டபோது அசிமினா அவரைச் சுற்றிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

ஒரு வருஷம் போவதற்குள் இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது. கேப்டன் பயந்துபோய் லேசருக்குச் சம்மதித்தார். சில நிமிஷ வேலை. தாடையை ஒரு தாங்கியில் வைத்து உட்காரவைத்தார்கள், பச்சையாக ஏதோ மின்னியது, அவ்வளவுதான். அடுத்த சோதனையில் வலது கண்ணின் அழுத்தம் இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. கேப்டன் சந்தோஷத்தில் வழியில் நிறுத்தி இனிப்புப் பலகாரம் வாங்கினார். அசிமினா அதைத் தொடவில்லை. ஒரு யந்திரம் வந்து அவள் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. உப்புநீரை மட்டும் நிறுத்தவில்லை. லேசரின் வேலை எல்லாருக்கும் நிலைப்பதில்லை. கேப்டனுக்கு அடுத்த கோடைக்குள் தேய்ந்துவிட்டது. முப்பத்துநாலு என்று டாக்டர் சொன்னபோது அசிமினா கைப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அன்று டாக்டர் கல்லிரோயி வழக்கம்போல மருந்து மாற்றவில்லை. கேப்டனின் முகத்துக்கு மிக அருகில் விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து புதுக் குப்பி ஒன்றை உடைத்து, அவளே சொட்டு விட்டாள்.

கேப்டன் துள்ளினார். "ஐயோ, எரியுது."

"தினமும் விடற மருந்துதானே, கேப்டன்."

"இவ விட்டா எரியாதே. ரெண்டு வருஷத்துல ஒருநாள் எரிஞ்சதில்ல. கேட்டுப் பாரு."

டாக்டர் அசிமினாவைப் பார்த்தாள். மத்தியானம் வரை அவர்களை வெளியே காத்திருக்கச் சொல்லி, மறுபடி கூப்பிட்டு அழுத்தம் அளந்தாள். இருபத்தைந்துக்கு வந்திருந்தது. கேப்டனை உதவிப் பெண்ணோடு வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"மருந்து நல்லா வேலை செய்யுது. அவர் கண்ல நீங்க என்ன விடறீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்ததைத்தான்."

"இந்த மருந்தை இத்தனை நாள் விட்டா இமைமுடி நீளமா வளரும். கண்ணு சிவக்கும். அந்த முடிக்காகவே பொம்பளைங்க இதைக் கேட்டு வர்றாங்க. உங்க வீட்டுக்காரர் இமை முதல் நாள் எப்படி இருந்துதோ அப்படியே இருக்கு. நான் இதை முன்னாடியே பார்த்திருக்கணும். உங்களைச் சந்தேகப்படத் தோணல."

அசிமினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எப்போதாவது இப்படி ஒரு நேரம் வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் பொய் சொல்லப்போவதில்லை என்றும் தீர்மானித்து வைத்திருந்தாள்.

"உப்புத் தண்ணி" என்றாள். "மருந்துக்கடையில விக்குதே, கண்ணு காயாம இருக்க. அது."

"எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து. உங்க முன்னாடி உட்கார்ந்துக்கிட்டுப் பிள்ளையே கிடையாதுன்னார். எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா, டாக்டர். ஸ்டுட்கார்ட்ல. அவ குழந்தை சாகும்போது என்னைப் போகவிடாம..."

"என்ன வயசு?" என்று டாக்டர் குறுக்கிட்டாள்.

"யாருக்கு?"

"உங்க பொண்ணுக்கு."

"நாப்பத்து மூணு."

"கண்ணைச் சோதிச்சுக்கிட்டாளா?"

திட்டுக்கும் போலீசுக்கும் தயாராக இருந்த அசிமினா, "அவளுக்கு எதுக்கு?" என்றாள்.

"அன்னிக்கே சொன்னேனே" என்றாள் டாக்டர். அவள் குரல் தாழ்ந்திருந்தது. "குடும்பத்துல ஓடும், பிள்ளைங்களைச் சோதிக்கணும்னு. நீங்க இதே நாற்காலியில இருந்தீங்க. அவர் பிள்ளை இல்லைன்னார். உங்களுக்குத் தெரியுமே. நீங்க அவளுக்குச் சொல்லலையா?"

அசிமினாவின் காதில் அன்று அந்த இரண்டு வார்த்தைகள் மட்டுமே விழுந்திருந்தன. அதற்கப்புறம் டாக்டர் சொன்னது காற்றோடு போயிருந்தது. ஞாயிறு தவறாமல் மகளோடு பேசினாள். வானிலை பேசினாள், விலைவாசி பேசினாள், அப்பாவுக்குக் கண் மங்குகிறது என்றுகூட ஒரு தடவை சொன்னாள், உள்ளூர ருசித்துக்கொண்டே சொன்னாள். இதை மட்டும் சொல்லவில்லை.

"இனிமே அவர் கண்ல உங்க கை படக்கூடாது" என்றாள் டாக்டர். "தெசலோனிகியில ஒரு ஆய்வு நடக்குது. அரிசியை விடப் பொடிசா ஒரு மருந்துக்குழல். அதைக் கண்ணுக்குள்ளேயே வச்சுட்டா மாசக்கணக்குல தானே கசிஞ்சுக்கிட்டிருக்கும். சொட்டு வேண்டாம், யார் கையும் வேண்டாம். இவரை எடுத்துக்குவாங்களான்னு கேட்கிறேன். இல்லைன்னா வடிகுழாய் அறுவைதான். நீங்க அவரைக் கூட்டிக்கிட்டுப் போகலைன்னா நான் போலீசுக்குப் போவேன். இப்ப வீட்டுக்குப் போய் உங்க பொண்ணுக்குப் போன் பண்ணுங்க."

தெக்லா வீட்டிலிருந்து அசிமினா போன் செய்தாள். வாரநாளில் அம்மாவின் குரல் கேட்டு ரொதாந்தி யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கண்ணைச் சோதித்துக்கொள் என்று மட்டும் அசிமினா சொன்னாள், காரணத்தை நேரில் சொல்வதாகச் சொன்னாள்.

பத்துப் பதினைந்து நாளில் ரொதாந்தியே தெக்லா வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவளுக்கும் இருந்தது. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, மின்னுகிற புள்ளிகளைப் பார்த்துப் பொத்தானை அமுக்கச் சொன்னார்களாம். வலது கண்ணில் மேல் ஓரமாக ஒரு துண்டு முழுக்க அவள் அமுக்கவே இல்லையாம்.

"நான் அங்க ஒண்ணுமே இல்லைன்னு கவனிக்கவே இல்லம்மா. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சா ஒண்ணு இன்னொண்ணை மூடிக்குதாம். சமீபத்துல போயிருக்கும்கிறாங்க. லேசர் போடறாங்க. மிச்சத்தை நிறுத்திடலாம்னாங்க."

அசிமினா போனை வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தெக்லா தண்ணீர் கொண்டுவந்தாள். யார்மேல் இந்தக் கோபத்தைக் கொட்டுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பிள்ளை இல்லை என்று சொன்ன வாய் அவருடையது. அவர் உண்டு என்று சொல்லியிருந்தால் டாக்டரே முகவரி கேட்டிருப்பாள், கடிதம் எழுதிக் கொடுத்திருப்பாள். இதை அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இன்னொரு குரல், நீயும் அங்கேதானே இருந்தாய் என்றது. அதை அவள் கேட்கவில்லை.

கேப்டனைத் தெசலோனிகிக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள். டாக்டருடைய மிரட்டலுக்காக மட்டுமில்லை. அவருக்குக் கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்க வேண்டும் என்று இப்போது அவளுக்கே தோன்றியது. நடந்ததைச் சொல்லும்போது அவள் முகம் அவருக்குத் தெரிய வேண்டும். குருடனிடம் சொன்னால் குரலை மட்டும்தான் கேட்பான்.

அங்கே வலது கண்ணுக்குள் அந்தக் குழலை வைத்தார்கள். இடது கண்ணுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். ஒரு மாதம் கழித்து அழுத்தம் பதினாறு. புகைபோக்கி வழியாகப் பார்ப்பதுபோல நேரே ஒரு வட்டம் கேப்டனுக்குத் தங்கியது. அந்த வட்டத்துக்குள் கப்பலின் பெயரைப் படித்தார், மனைவியிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை அசிமினா காபி போட்டு அவர் முன்னால் வைத்தாள். எதிரே, அவருடைய வட்டத்துக்குள் சரியாக விழும்படி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் மேல்கோட்டு போட்டிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"பொலிதோரோஸ்" என்றாள் அவள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "நான் உன் கண்ணுல விட்டது மருந்து இல்ல. உப்புத் தண்ணி. ரெண்டு வருஷமும் அதுதான். மருந்தைத் தொட்டியில ஊத்தினேன். உன் இடது கண்ணு போனது அதனாலதான்."

அவர் முதலில் சிரித்தார். அவள் முகம் மாறாததைக் கண்டு நிறுத்தினார்.

"எரியலையே" என்றார் மெதுவாக.

"எப்படி எரியும்?"

"எதுக்கு?"

"அந்த டாக்டர் கேட்டப்ப என்ன சொன்ன நீ? எனக்கு ஒரு பேத்தி பிறந்து செத்தா. அவளை நான் ஒரு தடவைகூடத் தூக்கல. என் அட்டை உன் சட்டைப்பையில இருந்துது. பதினஞ்சு வருஷம் கழிச்சு அவளோட அம்மாவையும் இல்லைன்னுட்ட. இப்ப அவளுக்கும் கண்ணு போயிருக்கு. உன்கிட்டேருந்து போனது."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார் என அவள் காத்திருந்தாள். திட்டினால் பதில் வைத்திருந்தாள், அடிக்க வந்தால் அதற்கும் தயாராக இருந்தாள்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் கேப்டன். "கடையில யாருக்காவது தெரியுமா?"

அசிமினா எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள். "நீ சொன்னாத் தெரியும்."

அவர் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பெண்டாட்டி தினமும் கண்ணில் உப்புநீர் விட்டுக் குருடாக்கினாள், நான் அவள் கைப்பக்குவத்தை ஊரெல்லாம் மெச்சினேன் என்று எந்த மேசையில் உட்கார்ந்து சொல்வார்? தெசலோனிகிக்குக் கூட்டிப்போனதால் டாக்டர் கல்லிரோயியும் போலீசுக்குப் போகவில்லை. அசிமினா எங்கே என்று கேட்கிறவர்களிடமிருந்து மட்டும் கேப்டனால் தப்ப முடியவில்லை. முதல் இரண்டு வாரம் மழுப்பினார். மூன்றாவது வாரம் ஸ்தெர்ஜியோஸ் விடாமல் கேட்கவே, "பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு அவர் குடித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார் என்று தெக்லா போனில் சொன்னாள். அதைக் கேட்டு அசிமினா நெடுநேரம் சிரித்தாள். தெக்லாவுக்குப் பயமாகிவிட்டது.

அவள் போய் இறங்கிய நாளில் ஸ்டுட்கார்ட் விமான நிலையத்தில் அக்ரோன் வந்து நின்றிருந்தான். முடி நரைத்திருந்தது. "வாங்க அத்தை" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். வீட்டில் ரொதாந்தி பேக்கரி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், கையில் மாவு வாசனை. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். முதல் ஞாயிறு வரை எல்லாம் நன்றாக இருந்தது.

ஞாயிறன்று அக்ரோன் வெளியே போயிருந்தான். சமையலறையில் இருவர்தான். ரொதாந்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "நேர்ல சொல்றேன்னியே. திடீர்னு கண்ணைச் சோதின்னு எப்படித் தோணுச்சு?"

அசிமினா எல்லாவற்றையும் சொன்னாள். இந்தக் கதையைச் சொல்ல அவளுக்கு உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தாள். எதையும் மறைக்கவில்லை. கழுவு தொட்டியைச் சொன்னாள், கப்பல் பெயர்களைச் சொன்னாள், கேப்டனின் கடைசிக் கேள்வியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்து, இளமையாகக்கூடத் தெரிந்தது. உனக்காகச் செய்தேன் என்ற இடத்துக்கு வந்தபோது ரொதாந்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"டாக்டர் அதை எப்ப சொன்னாங்க? பிள்ளைங்களுக்கும் வரும்னு?"

"முதல் நாளே. அவன்தான் உன்னை இல்லைன்னு..."

"அவர் சொன்னதை விடும்மா. அவர் அப்படித்தான் சொல்வார்னு எனக்கு எப்பவோ தெரியும். உனக்குத் தெரியுமில்ல, எனக்கு வரலாம்னு?"

அசிமினா பீன்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம்" என்றாள் ரொதாந்தி. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பேசினோமே."

"எனக்கு அவன் கண்ணைத் தவிர வேற நினைப்பே இல்ல, ரொதாந்தி. அவன் உனக்குச் செஞ்சதுக்கு..."

"எனக்கு அவர் கண்ணு வேண்டாம்மா. அவர் குருடானா என் குழந்தை வந்துடுமா? நீ ஒரு போன் பண்ணியிருக்கணும். அவ்வளவுதான். ஒரே ஒரு போன்."

அவள் சத்தம் போடவில்லை. பீன்ஸை எடுத்துக் கழுவி, அடுப்பில் ஏற்றினாள். அக்ரோன் வந்தபோது மூவரும் சாப்பிட்டார்கள். ரொதாந்தி அவனிடம் என்ன சொன்னாள் என்று அசிமினாவுக்குத் தெரியாது. மறுநாளும் அவன் அத்தை என்றே கூப்பிட்டான், அவளுக்கென்று ரொட்டி வாங்கி வந்தான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அசிமினா வருத்தப்பட முயன்றாள். கேப்டனின் கண்ணுக்காக அவளுக்கு வருத்தம் வரவில்லை. மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் மறுபடி அதையே செய்வாள் என்றுதான் தோன்றியது. ஆனால் அவரை வெறுக்க உட்காரும்போதெல்லாம் ரொதாந்தியின் கண்ணில் இல்லாமல் போன அந்தத் துண்டு நடுவில் வந்து நின்றது. அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு தன்னுடையது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

குளிர்காலத்தில் ரொதாந்தியின் இடது கண்ணுக்கும் லேசர் போட நாள் குறித்தார்கள். அக்ரோனுக்கு வேலை. தானும் வருகிறேன் என்றாள் அசிமினா. ரொதாந்தி மறுக்கவில்லை. காத்திருக்கும் அறையில் மகளுடைய மேல்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மகள் வெளியே வந்தபோது கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, எதிரே இருப்பது கலங்கலாகத் தெரிந்தது. அசிமினா கையை நீட்டினாள். ரொதாந்தி மேல்கோட்டை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு, சுவரோரமாக நடந்தாள். வாசற்படியில் ஒருகணம் நின்று தரையைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அசிமினா இரண்டடி பின்னால் வந்தாள், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில்.

டிராமில் எதிரெதிரே இடம் கிடைத்தது. வெளியே பனி பெய்ய ஆரம்பித்திருந்தது.

"நாளைக்கு எனக்கு அதிகாலை வேலை" என்றாள் ரொதாந்தி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "சூப் வச்சுட்டுப் போறேன். சூடு பண்ணிச் சாப்பிடு."